வீட்டுக்கு ஒரு துவக்கு

செப்டெம்பர் 14, சனி

கோயிலிலிருந்து திரும்பியபோது கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் பக்கக் கதவு திறந்து கிடந்தது. பூட்டைச் சுற்றியிருந்த மரம் பிளந்திருந்தது. நான் மகள் அபிராவைக் கையில் பிடித்தபடி உள்ளே காலை வைக்கப் போனேன். நிறோ என் நெஞ்சில் கையை வைத்துப் பின்னால் தள்ளினாள்.

"பிள்ளையைக் கொண்டுபோய்க் காருக்குள்ளை இருங்கோ. கதவைப் பூட்டுங்கோ."

"நீர் எங்கை போறீர்?"

அவள் கதவுக்கு நேரே நிற்காமல் சுவரோடு ஒட்டி நின்று, கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பொலிசுக்கு அழைப்பு எடுத்தபடி நான் காருக்குள் இருந்தேன். நாற்பது கடந்த ஆம்பிளை, மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வந்தவன் பெரிதாக எதையும் எடுக்கவில்லை. என் பழைய கணினி ஒன்று, மேசையில் கிடந்த மணிக்கூடு. குளிர்பெட்டியைத் திறந்து நேற்றைய புட்டைச் சாப்பிட்டிருக்கிறான். பிறகு அபிராவின் கட்டிலில் படுத்திருக்கிறான். தலையணையில் தலை பட்ட பள்ளமும் போர்வையில் உடம்பு கிடந்த அடையாளமும் அப்படியே இருந்தன.

பொலிஸ்காரர் படம் எடுத்துக்கொண்டு போனார். "இப்படியானவர்களைப் பிடிப்பது கடினம்" என்றார். அவர் போனதும் நிறோ விரிப்பு, போர்வை, தலையணை எல்லாவற்றையும் சுருட்டி வெளியே குப்பைத் தொட்டிக்குள் போட்டாள். தோய்த்துப் பாவிக்கலாமே என்றேன். அவள் தொட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

செப்டெம்பர் 16, திங்கள்

புதுப் பூட்டுப் போட்டாயிற்று.

செப்டெம்பர் 22, ஞாயிறு

நிறோ அபிராவின் அறையில் படுக்கிறாள். கட்டிலில் இடம் இருக்கிறது. ஆனாலும் பாயை விரித்து, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நிலத்தில் கிடக்கிறாள். முதுகு நோகும் என்றேன். நிலம்தான் நல்லது என்றாள். அவள் ஊரில் ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் வளர்ந்தவள். நிலத்தில் படுத்துப் பழகியிருப்பாள்.

எனக்கோ அந்தத் தலையணைப் பள்ளம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரியை இயந்திரத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கும்போதுகூட அதுதான் வருகிறது. அவன் எவ்வளவு நேரம் படுத்திருப்பான்? நித்திரை கொண்டிருப்பானா? கூட வேலை செய்யும் டெரில் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"டெக்சாசில் இருக்கிறாய், வீட்டில் ஒரு துவக்குக்கூட இல்லையா?"

பதினெட்டு வயதில் கொக்குவிலை விட்டு வந்தவன் நான். துவக்கு என்றால் சோதனைச் சாவடியில் நீட்டிய துப்பாக்கிதான் எனக்கு நினைவு வரும். ஆனால் இன்று மத்தியானம் முழுக்க இணையத்தில் அதைப்பற்றித்தான் வாசித்தேன்.

செப்டெம்பர் 28, சனி

துவக்குக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள், நகைக்கடை மாதிரி. விற்பனையாளர் வெள்ளைத் தாடிக்காரர், பொறுமையானவர். முதல் கேள்வியே, "எதற்கு?" என்பதுதான்.

"வீட்டுப் பாதுகாப்புக்கு. இலக்குப் பார்த்துச் சுடவும் பழகலாம் என்று."

இரண்டுக்கும் ஒன்றையே வாங்குவதென்றால் எதையாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். இலக்குச் சுடப் பழக மிகச் சின்ன ரவைக் குண்டு போடும் பிஸ்டல் நல்லது. உதைப்புக் குறைவு, பயம் தெளியும். ஆனால் வீட்டுக்கு அதை அவர் சொல்லமாட்டாராம். ரிவோல்வரில் சிக்கல் குறைவு, ஆனால் விசை இறுக்கம். ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல் பழகியவர் கையில் நல்லது, பழகாதவர் கையில் இடையில் சிக்கிக்கொள்ளும். மிகச் சிறியதை வாங்காதே, சிறியதுதான் கூட உதைக்கும் என்றார். இது எனக்குப் புதிது. இலேசானது சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாகக் கையில் தந்தார். இரும்பின் குளிர் உள்ளங்கையில் ஏறியது. "வீட்டில் வேறு யார் பாவிப்பார்கள்?" என்று கேட்டார்.

"மனைவிக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன்.

"அவரையும் கூட்டி வா. அவர் கைக்கும் பொருந்த வேண்டும்."

ஒக்டோபர் 2, புதன்

நிறோவிடம் தொலைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினேன். இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். உரலை விட்டுக் கையை எடுக்காமலே எட்டிப் பார்த்தாள்.

"உது பின்னாலை இழுக்க இறுக்கமா இருக்கும். மற்றது பரவாயில்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"படத்தைப் பாக்கத் தெரியுதுதானே."

பிறகு மாவு காய்கிறது, தள்ளி நில்லுங்கள் என்றாள். விமர்சனங்களைத் தேடிப் பார்த்தேன். முதலாவதைப் பற்றி எல்லோரும் அதையேதான் எழுதியிருக்கிறார்கள்.

ஒக்டோபர் 5, சனி

சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். மார்லா என்ற பெண் பழக்கினாள். ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு முறையும் தோளைத் தட்டி, மூச்சை விடு என்றாள். பத்து யார் தூரத்துக் கடதாசியில் என் ஓட்டைகள் அங்குமிங்கும் சிதறிக் கிடந்தன. சில கடதாசியிலேயே படவில்லை.

"ஏன் தெரியுமா? சுடும்போது நீ கண்ணை மூடுகிறாய்."

மூடுவது எனக்கே தெரியாது.

ஒக்டோபர் 12, சனி

வாங்கிவிட்டேன். ஒன்பது மில்லிமீற்றர், நடுத்தர அளவு. நிறோ பரவாயில்லை என்றதுதான். விண்ணப்பம் நிரப்பினேன், அவர்கள் எங்கேயோ தொலைபேசியில் கேட்டார்கள், கொஞ்ச நேரத்தில் கையில் தந்துவிட்டார்கள். பிரிட்ஜ் வாங்கக்கூட இதைவிட அலைந்திருக்கிறேன். எண் அழுத்தித் திறக்கும் சிறிய இரும்புப் பெட்டியும் வாங்கினேன். எங்கள் அறை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாயிற்று.

வீட்டுக்குள் கொண்டுவந்தபோது நிறோ துவாயை எடுத்துக்கொண்டு போய்த் தலைமுழுகிவிட்டு வந்தாள். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் அப்படித்தான் செய்வாள். வெள்ளிக்கிழமை முழுகவில்லை, அதனால்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஆனால் நேற்று வெள்ளிக்கிழமை. நேற்றும் முழுகினாள்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

பெட்டி இருக்கிறது என்ற நினைப்பே தைரியமாக இருக்கிறது. ஆனாலும் நித்திரை வரவில்லை.

ஒக்டோபர் 26, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நிறோவையும் அபிராவையும் சுடுதளத்துக்குக் கூட்டிப் போனேன். நிறோ வரமாட்டேன் என்றுதான் நின்றாள். "ஒருநாள் நான் வீட்டிலை இல்லாத நேரம் ஆரும் வந்தால்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் இழுத்துக்கொண்டுதான் போனேன். அபிரா கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். நிறோ காதுக் கவசத்தைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். இங்கே யூலை வாணவேடிக்கைக்கே அவள் குளியலறைக்குள் போய்விடுவாள். காது மென்மையானவள்.

நாலைந்து சுட்டிருப்பேன். விசை அமரவில்லை. சுட்ட ரவையின் வெற்றுக்கோது வெளியே விழாமல் நடுவில் சிக்கியிருந்தது. மார்லாவைக் கூப்பிட அப்படியே திரும்பினேன், பிஸ்டல் கையில் இருக்க.

என் மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. முறித்துவிடுமோ என்று இருந்தது. என் கையை இலக்கின் பக்கம் திருப்பி, கீழே அமர்த்தி, பிஸ்டலை என் விரல்களிலிருந்து உருவி எடுத்தது நிறோதான். ரவை அடைத்த மகசின் மேசையில் விழுந்தது. பின்பக்கத்தைச் சரக்கென்று இழுத்தாள், கோது பறந்தது. இன்னும் இரண்டு தரம் இழுத்தாள். சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு வாயை இலக்கின் பக்கம் வைத்து மேசையில் கிடத்திவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி ஓரடி பின்னால் போனாள். நான் ஒரு மூச்சு விடுவதற்குள் இவ்வளவும் முடிந்துவிட்டது.

மார்லா ஓடி வந்தாள். முதலில் என்னை ஏசினாள். நான் திரும்பிய திசையில் கண்ணாடிக்கு அப்பால் அபிரா இருந்தாள். கண்ணாடி ரவைக்குத் தாங்குமாம், ஆனாலும். பிறகு நிறோவைப் பார்த்துக் கேட்டாள்:

"இதை எங்கே பழகினீர்கள்?"

"எனக்கு ஆங்கிலம் தெரியாது" என்றாள் நிறோ, ஆங்கிலத்தில். குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் ஏழு வருடமாக நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவள்.

என் மணிக்கட்டில் அவள் விரல் பட்ட இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

ஒக்டோபர் 27, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை. இணையத்தில் எத்தனை காணொளி இருக்கிறது. நான் பார்க்கும்போது அவளும் பின்னால் நின்று பார்த்திருப்பாள். சமையல்காரியின் கை, வேகமான கை. அவ்வளவுதான்.

கேட்கலாம். கேட்கவில்லை.

நவம்பர் 6, புதன்

நவம்பர், டிசம்பர் வந்தால் நிறோ பேச்சைக் குறைத்துவிடுவாள். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாக இப்படித்தான். பொழுது சுருங்குவதால் வரும் மனச்சோர்வு என்று ஒருமுறை வைத்தியர் சொன்னார்.

இன்று கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். "ரவை நிரப்பித்தான் வைச்சிருக்கிறியளோ?"

"வெறுமனே வைச்சிருந்து என்ன பிரியோசனம்?"

"அபிராக்கு அந்த நம்பர் தெரியுமோ?"

"தெரியாது."

"உங்களுக்கு அது நல்லாத் தெரியுமோ?"

இது என்ன கேள்வி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நவம்பர் 16, சனி

எல்லோரும் படுத்தபிறகு இதை எழுதுகிறேன்.

மத்தியானம் மூன்று மணிபோல் இருக்கும். அபிரா பாட்டு வகுப்பில். நிறோ பின் வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மேலே அறையில் இருந்தேன். கீழே பக்கக் கதவு திறபடும் சத்தம். பிறகு காலடி. நிறோவின் காலடி இல்லை. பாரமான சப்பாத்து, இழுத்து இழுத்து. குளிர்பெட்டி திறக்கும் சத்தம்.

அவன் திரும்ப வந்துவிட்டான் என்றுதான் எனக்கு அந்த நிமிடம் தோன்றியது. வேறு நினைப்பே வரவில்லை. பெட்டியைத் திறந்தேன். முதல் தரம் எண் பிழைத்தது. இரண்டாம் தரம் திறந்தது. படியில் இறங்கும்போது என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

குசினிக்குள், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு உருவம். உயரம். கையில் ஏதோ.

"அசையாதே!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தியிருக்கிறேன்.

உருவம் திரும்பியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் நான் கண்ணை மூடியிருந்தேன்.

"விரலை எடுங்கோ."

நிறோவின் குரல். கண்ணைத் திறந்தேன். என் சத்தம் கேட்டு வளவிலிருந்து ஓடி வந்தவள் எனக்கு முன்னால் நின்றாள். பிஸ்டலின் வாய் அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தது.

"விரலை மட்டும் எடுங்கோ. மற்றதை நான் பாக்கிறன்."

எடுத்தேன். அவள் பிஸ்டலை மெதுவாக வாங்கி, ரவைகளைக் கழற்றி, எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். பிறகு திரும்பி, "உட்காருங்கள், மிஸ்டர் ஹாலிஸ். நீங்கள் நல்லாத்தான் இருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பக்கத்து வீட்டு ஹாலிஸ். எண்பது கடந்தவர், மறதி நோய். கையில் இருந்தது எங்கள் பால் போத்தல். தன் வீடு என்று நினைத்து வந்திருக்கிறார். நான் கராஜ் கதவைப் பூட்டவில்லை. கிழவரின் காற்சட்டை நனைந்திருந்தது. "நான் என்ன பிழை செய்தேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நிறோ அவருக்குப் பாலைச் சூடாக்கிக் கொடுத்தாள். மகள் வந்து கூட்டிப்போகும்வரை அவர் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் குசினி நிலத்தில் குந்தினாள். நடுக்கம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. பல்லெல்லாம் அடித்தது. போர்வை கொண்டுவந்து போர்த்தினேன்.

"அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டவர்" என்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

அபிராவை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். கார் வீட்டு வாசலில் நின்றது. நிறோ இறங்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

"எனக்குப் பதினேழு வயசு. இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு பிடிச்சுக்கொண்டிருந்த காலம். அம்மா முந்தியே செத்துப்போயிட்டா. வீட்டிலை நானும் அப்பாவும்தான். தம்பிராசா எண்டால் ஊருக்கே தெரியும், ஒரு எறும்பைக்கூட மிதிக்காத மனிசன். அவரட்டை மருந்திடிச்சுச் சுடுற ஒரு இடியன் துவக்கு இருந்தது. மரவள்ளிக்குள்ளை காட்டுப்பண்டி வாறதுக்கு வெருட்ட எண்டு வைச்சிருந்தவர். என்னைக் கேட்டு வந்தால் சுடுவன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். நான் பகிடி எண்டு நினைச்சனான்.

"ஒருநாள் பின்னேரம் வாகனச் சத்தம் கேட்டுது. அப்பா துவக்கை எடுத்துக்கொண்டு வாசல் முத்தத்துக்குப் போனார். என்னைக் குசினிக்குள்ளை இருக்கச் சொன்னார். அப்பதான் பின்வேலியிலை ஆள் நுழையிற பொட்டுக்குள்ளாலை ஒருத்தன் வாறான். ரஜீபன். என்னோடை படிச்சவன். அவனை அதுக்கு ஆறு மாசம் முதல் பிடிச்சவை. அவங்கட உடுப்புத்தான் போட்டிருந்தவன். கையிலை ஒண்டும் இல்லை. என்னைக் கண்டிட்டு, ஓடு, ஓடு, இதாலை ஓடு எண்டு சத்தம் வராமல் சொன்னான். வாய் அசைஞ்சதை நான் கண்டனான்.

"அப்பா பின்னாலை அசையிறதைக் கண்டு திரும்பினார். நான் 'அப்பா' எண்டு கத்துறதுக்குள்ளை வெடிச்சிட்டுது. புகைக்குள்ளை அப்பாவைப் பாத்தன். கண் ரெண்டும் இறுக்கி மூடியிருக்கு. சின்னப் பிள்ளை மருந்து குடிக்கேக்கை மூடுற மாதிரி."

நான் அவள் கையைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை.

"அவங்கள் முன்னாலை வந்திட்டாங்கள். அப்பாவையும் சுடப்போறாங்கள் எண்டு நினைச்சு நான் ஓடிப்போய் முன்னுக்கு நிண்டன். நான் வாறன், அவரை விடுங்கோ எண்டன். என்னைத் தூக்கி வாகனத்திலை போட்டாங்கள். வாகனம் வெளிக்கிடேக்கை பாத்தன். அப்பா ரஜீபனுக்குப் பக்கத்திலை முழந்தாளிலை நிண்டார். அதுதான் கடைசி. அதுக்குப் பிறகு அவரை ஆரும் காணேல்லையாம்."

"நீர்?"

"நான் ரெண்டு வருசம் அங்கை இருந்தனான். அதைக் கேக்காதேங்கோ. ஒருநாள் சொல்லுவன். இல்லாட்டிச் சொல்லாமலும் விடுவன்."

"கல்யாணம் பேசேக்கை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"உங்கட அம்மா கேட்டவ, பிள்ளை இயக்கம் எண்டு எங்கையும் போனதோ எண்டு. எங்கட சின்னம்மா, இல்லை எண்டு சொல்லிப்போட்டா. நான் பேசாமல் நிண்டன். பிறகு பேசாமல் நிக்கிறதே பழகிட்டுது."

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று நினைக்கிறேன். வரவில்லை. எட்டு வருடமாக நான் எத்தனை விஷயத்துக்கு எத்தனை காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன் என்பதுதான் நினைவுக்கு வந்தது. நிலத்தில் படுப்பதற்கு ஒன்று, வாணவேடிக்கைக்கு ஒன்று, நவம்பருக்கு ஒன்று. ஒருமுறையாவது அவளையே கேட்டிருக்கலாம்.

"ரஜீபன் என்னை ஓடச் சொல்லத்தான் வந்தவன் எண்டு அவன்ரை தாய்க்குத் தெரியாது" என்றாள். "பிள்ளை பிடிக்க வந்து செத்தவன் எண்டுதான் ஊர் கதைச்சது. செத்தவீட்டுக்கு ஒரு சனமும் போகேல்லையாம்."

நவம்பர் 19, செவ்வாய்

துவக்கைக் கொண்டுபோய் அதே கடையில் கொடுத்தேன். நிறோவும் வந்தாள். வெள்ளைத் தாடிக்காரர் ஏன் என்று கேட்டார். என் கைக்குப் பொருந்தவில்லை என்றேன். வேறு ஒன்று காட்டட்டுமா என்றார். வேண்டாம்.

சுடுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். மூச்சை விட்டு, இலக்கைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் அந்தக் கணம். அதை விடுவதில் வருத்தம் இருக்கிறது. ஆனால் கண் மூடியிருந்தபோது என் விரல் எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியும். நிறோவுக்கும் தெரியும்.

காரில் ஏறியபிறகு கேட்டாள், "உங்களுக்கு என்னைக் கண்டால் இப்ப பயமா இருக்கோ?"

"கொஞ்சம்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கும்" என்றாள்.

நவம்பர் 22, வெள்ளி

கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாளும், அசைந்தால் எரியும் வெளிவிளக்கும் போட்டேன். ஹாலிஸின் மகள் ஒரு கேக் கொண்டுவந்தாள். அப்பா அன்றைக்கு நடந்ததை மறந்துவிட்டார் என்றாள். அவருக்கு அந்த வசதி இருக்கிறது.

நிறோ சின்னம்மாவுக்கு அழைப்பு எடுத்து, ரஜீபனின் தாய் பூமணி எங்கே என்று விசாரித்திருக்கிறாள். உயிரோடுதான் இருக்கிறாராம். அதே ஊரில், அதே காணியில், தனிய. தொலைபேசி இருக்கிறதாம்.

நவம்பர் 24, ஞாயிறு

இங்கே காலை எட்டு மணி, அங்கே இரவாகத் தொடங்கியிருக்கும். நிறோ குளித்து, திருநீறு பூசி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து மேசையில் இருந்தாள். தொலைபேசியில் எண்ணை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சத்தமாக வைக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"ஆரது?"

"அன்ரி, நான் தம்பிராசான்ரை மகள். நிறோஜினி."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு நாய் குரைத்தது. பிறகு குரைப்பும் நின்றது. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"நீ இருக்கிறியோ?" என்றது அந்தக் குரல் கடைசியில்.

"இருக்கிறன் அன்ரி."

"எங்கை?"

"அமெரிக்காவிலை."

"இப்ப என்னத்துக்கு எடுத்தனி?"

நிறோ எழுதி வைத்துப் படிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பின்வேலிப் பொட்டு. வெறுங்கை. வாய் அசைந்த விதம். "அவன் என்னைப் பிடிக்க வரேல்லை, அன்ரி. ஓடச் சொல்லத்தான் அவங்களுக்கு முதல் ஓடி வந்தவன். நான் கண்டனான். நான் மட்டும்தான் கண்டனான்."

பூமணி அழவில்லை. குரல் உயர்ந்தது.

"ஏனடி இதை இவ்வளவு காலமும் சொல்லேல்லை? சனம் என்ரை முகத்திலை முழிக்கேல்லை. கிணத்திலை தண்ணி அள்ள விடேல்லை. நானே அவனைத் திட்டினனான். செத்த பிள்ளையை, பெத்த நானே. ஏனடி சொல்லேல்லை?"

"பயம், அன்ரி."

"என்ன பயம்?"

"நீங்கள் அப்பாவைத் திட்டுவியள் எண்டு பயம்."

மறுபடி நாய். பூமணி அதை அதட்டினார்.

"உன்ரை கொப்பனை நான் திட்டாத நாள் இல்லை" என்றார் பூமணி. குரல் தணிந்திருந்தது. "ஆனா உனக்கு ஒண்டு தெரியாது. நீதான் வாகனத்திலை போயிட்டியே. அந்த மனிசன் உடுத்திருந்த சாரத்தை அவிட்டு என்ரை பெடியனைச் சுத்திக்கொண்டு, வெறும் கழுசானோடை ஊருக்குள்ளாலை ஓடினது. தோளிலை போட்டுக்கொண்டு. நான் பின்னாலை குழறிக்கொண்டு ஓடுறன். வழியிலை ஒரு சனம் வெளியிலை வரேல்லை. ஆஸ்பத்திரி வாசல்மட்டும் கொண்டந்தது. அங்கை போகேக்கை என்ரை பிள்ளை முடிஞ்சிட்டான். மனிசன் அவனைக் கீழை வைக்கமாட்டன் எண்டு மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தது. அவங்கள் வந்து கூட்டிக்கொண்டு போகேக்கை என்னைப் பாத்துக் கும்பிட்டது. ஓடியிருக்கலாம். காடு பக்கத்திலைதான். ஓடேல்லை."

நிறோ மேசையில் தலையை வைத்தாள். எட்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுகை என்று சொல்வதா என்றும் தெரியவில்லை. மரம் முறியும் சத்தம் போல இருந்தது. மேலே அபிரா எழுந்து படியில் வந்து நின்றாள். நான் கையைக் காட்டினேன். வந்து, "அம்மா" என்று தாயின் முதுகில் கையை வைத்தாள்.

"அது ஆற்றை குரல்? பிள்ளையோ?" என்று கேட்டார் பூமணி.

"மகள், அன்ரி. ஏழு வயசு."

"கதைக்கச் சொல்லு."

அபிரா தொலைபேசிக்குக் கிட்டப் போய், ஆட்களை அறிமுகம் செய்யும்போது நாங்கள் பழக்கியபடி, "வணக்கம், என்ர பேர் அபிரா" என்றாள். அமெரிக்கத் தமிழ்.

"சாப்பிட்டியோ?"

"இன்னும் இல்லை. நீங்கள்?"

"இனித்தான் மோனை."

வைப்பதற்கு முன்னால் நிறோவிடம் சொன்னார்: "மார்கழி, டிசம்பர் எட்டாந் தேதிதான் அவன்ரை நாள். உன்ரை கொப்பருக்கும் அதையே வைச்சுக்கொள். வேறை நாள் ஆருக்குத் தெரியும்? அண்டைக்கு எடு."

"எடுக்கிறன் அன்ரி."

நவம்பர் 30, சனி

அபிரா கேட்டாள், அது யார், அம்மம்மாவா என்று. இல்லை, அம்மாவைக் காப்பாற்ற வந்த ஒரு அண்ணாவின் அம்மா என்றாள் நிறோ. அந்த அண்ணா எங்கே என்றாள். நிறோ அவளை மடியில் இருத்தி ரஜீபன் என்ற பேரைச் சொல்லிக் கொடுத்தாள். அவன் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களின் சாப்பாட்டுப் பெட்டியில் களவெடுத்துச் சாப்பிடுவான், ஆனால் பாதியைத் திருப்பி வைப்பான் என்றாள். அபிரா சிரித்தாள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி நிறோ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை செய்யும்போது சில நேரம் கையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்க்கிறாள். இப்போதெல்லாம் நான் அதற்குக் காரணம் தேடுவதில்லை. பக்கத்தில் போய் நிற்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எடுத்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அங்கே மழையாம். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, கூரையில் விழும் அந்தச் சத்தத்தை நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.